உலகக் கட்டடக் கலைத் தொடரில் விடுபட்டுப்போன சுண்ணாம்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு மலரில் சில வாரங்களாக வெளிவரும் உலகக் கட்டடக் கலை வரலாற்றுத் தொடரை ஒரு பகுதியும் விடாமல் படித்துவருகிறேன். எகிப்து, கிரேக்கம், ரோம், சீனம், தமிழகம் என்று நாடு நாடாக வாசகரை அழைத்துச்செல்லும் ஒரு முயற்சிக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று முழுப் பக்கம் ஒதுக்குவது மலேசியாவில் அடிக்கடி நடக்கிற காரியமன்று என்பதால், குறை சொல்வதற்கு முன் நன்றி சொல்லிவிடுகிறேன். குறை, சென்ற வாரப் பகுதியைப் பற்றியது. ரோமானியரின் காங்கிரீட்டை அரைப் பக்கத்துக்கு வியந்து எழுதிய கட்டுரையாளர், நம் பழைய கட்டடங்களுக்கு வந்தவுடன், சிமெண்டு இல்லாத காலத்தில் சுண்ணாம்பையும் வெல்லத்தையும் குழைத்துப் பூசிச் சமாளித்தார்கள் என்ற பொருளில் ஒற்றை வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார். ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்பார்களே, இங்கே சுண்ணாம்பின் கண்ணிலேயே சுண்ணாம்பு தடவப்பட்டிருக்கிறது.

ஏனெனில் அவர் வியந்து எழுதிய ரோமானியக் காங்கிரீட்டும் சுண்ணாம்புதான். பினாங்கில் முப்பத்தெட்டு ஆண்டுகள் கட்டட மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும், அந்த ஆண்டுகளில் பாதியைச் சுண்ணாம்பை மதிக்காமலே கழித்தவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

சுண்ணாம்பின் கதை சக்கரத்தின் கதையைவிட மூத்தது. ஜோர்தானின் தலைநகரான அம்மானின் ஓரத்தில் ஐன் கசால் என்ற இடத்தில் 1983இல் தோண்டியெடுக்கப்பட்ட மனித உருவங்கள், நாணல் கட்டுகளின்மேல் சுண்ணாம்புச் சாந்தைப் பூசி ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்டவை. மட்பாண்டம் சுடும் தொழில் அவ்வூரில் வேரூன்றாத காலத்திலேயே கல்லைச் சுடும் தொழில் அங்கே கைவந்திருக்கிறது. அது எளிய தொழிலன்று. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் இட்டு 900 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றினால், அது தன் எடையில் ஏறத்தாழ 44 விழுக்காட்டைக் கரியமில வாயுவாக இழந்து சுட்ட சுண்ணாம்பாகிறது. அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துச் சீறி நீறுகிறது. நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசியபின், அது காற்றிலிருந்து அதே கரியமில வாயுவைச் சிறுகச் சிறுகத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிவிடுகிறது. பத்துமலைக் குகைக்குப் படியேறுகிறவர்கள் தொட்டுப் பார்க்கும் பாறையும், பினாங்கின் பழைய கடைவீட்டுச் சுவரில் நூறாண்டு இருந்த காரையும், வெற்றிலையில் தடவுகிற விரல்நுனிச் சுண்ணாம்பும் ஒரே பொருளின் வெவ்வேறு நிலைகள் என்பதை உங்கள் இளம் வாசகர்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இந்தச் சாதாரணச் சுண்ணாம்புக்கு ஒரு குறை உண்டு. அது காற்றுப்பட்டுத்தான் இறுகும், தண்ணீருக்குள் இறுகாது. நேப்பிள்ஸ் விரிகுடாவை ஒட்டிய பொசுவோலி வட்டாரத்தில் கிடைக்கும் எரிமலைச் சாம்பலைச் சேர்த்தால் நீருக்குள்ளும் இறுகும் என்பதைக் கண்டுகொண்டதே ரோமானியரின் பெருமை. அந்தச் சாந்தைக் கொண்டுதான் துறைமுக அணைகளைக் கடலுக்குள் இறக்கினார்கள். ரோம் நகரின் பாந்தியன் கோயிலில் 43 மீட்டர் குறுக்களவுள்ள குவிமாடத்தை இரும்புக் கம்பி ஒன்றுகூட இல்லாமல் எழுப்பினார்கள். அடிப்பகுதியில் கனமான கல்லையும், மேலே போகப்போக எடை குறைந்த நுரைக்கல்லையும் கலந்த அவர்களுடைய கணக்கு இன்றைக்கும் வணங்கத்தக்கது. ஆனால் எரிமலை இல்லாத ஊரில் என்ன செய்வது? இதற்கு விட்ருவியஸ் என்ற ரோமானியப் பொறியாளரே வழி சொல்லியிருக்கிறார்: ஆற்று மணலோ கடல் மணலோ கலக்கும்போது, சுட்ட மண்ணை இடித்துச் சலித்து மூன்றில் ஒரு பங்கு சேர்க்க வேண்டும். கி.பி. 532க்கும் 537க்கும் இடையில், இன்றைய இஸ்தான்புல்லான கான்ஸ்டாண்டிநோபிளில் எழுந்த அயா சோபியா தேவாலயத்தின் சுவர்களில் செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவே செங்கல் பருமனுக்கே தடித்துக் கிடக்கிற சாந்து இந்தச் செங்கல் தூள் சாந்துதான். நம் கொத்தனார்கள் சுர்க்கி என்று சொல்லி இடித்துச் சலித்ததும் அதைத்தான். சுட்ட களிமண்ணில் உள்ள சிலிக்கா சுண்ணாம்போடு வினைபுரிந்து எரிமலைச் சாம்பல் செய்கிற வேலையையே செய்கிறது. ஆக, ரோமில் செய்தால் அறிவியல், தஞ்சாவூரில் செய்தால் சமாளிப்பு என்று பிரிப்பதற்கு வேதியியலில் இடமில்லை.

வெல்லத்தையும் கட்டுரையாளர் சற்று இளக்காரமாகத்தான் குறிப்பிட்டிருக்கிறார். சீனர்கள் சுண்ணாம்பில் ஒட்டரிசிக் கஞ்சியைக் கலந்தார்கள். மிங் வம்சக் காலத்து நகரச் சுவர்களில் எடுத்த சாந்தை ஆராய்ந்த சீன வேதியியலாளர்கள், கஞ்சியிலுள்ள மாவுப்பொருள் சுண்ணாம்புப் படிகங்களை மிக நுண்ணியவையாக வளரவிட்டு இறுக்கம் கூட்டுகிறது என்று கண்டிருக்கிறார்கள். நடு அமெரிக்காவின் மாயா மக்கள், ஹோண்டுராசின் கோப்பான் நகரில், மரப்பட்டைச் சாற்றைக் கலந்தார்கள். மொரோக்கோவின் மராக்கேஷ் நகரத்தார் தடலாக்ட் என்னும் பூச்சைக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றி, மேலே சோப்புப் பூசி நீர் இறங்காமல் செய்தார்கள். குளியல் அறைக்குக்கூட அது தாங்கும். செட்டிநாட்டு வீடுகளில் கடுக்காய்ச் சாறு, கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு. அந்தச் சுவரைத் தொட்டவர்களுக்குத் தெரியும், அது பளிங்கைப்போல் குளிரும். ஒருவரையொருவர் கண்டிராத இத்தனை இனத்தாரும் அவரவர் அடுப்படியிலும் தோப்பிலும் இருந்ததை எடுத்துச் சாந்தில் போட்டுப் பார்த்து, உதவியதை வைத்துக்கொண்டு உதவாததைத் தள்ளியிருக்கிறார்கள். கட்டடக் கலையின் உலக வரலாறு என்று ஒன்று இருந்தால் அதில் இந்தச் சாந்துத் தொட்டிகளுக்குத்தான் முதல் பக்கம் கொடுப்பேன். தங்கள் தொடரில் மன்னர்களின் பெயர்களும் கோபுரங்களின் உயரமும் தவறாமல் வருகின்றன. எதை எதனோடு கலந்தார்கள் என்பதே வருவதில்லை.

மன்னர் என்றதும் இன்னொன்றையும் சுட்டவேண்டியிருக்கிறது. தமிழகப் பகுதியில் விழுப்புரம் அருகே மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயிலைக் குறிப்பிட்டு, கல்லில் கோயில் கண்ட முதல் பெருமை என்று எழுதியிருந்தார்கள். அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு சொல்வது வேறு விதமாக இருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் (மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்) எழுப்பிய கோயில் என்று அது தொடங்குகிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு மன்னன், எவை இல்லாமல் கட்டினேன் என்று பட்டியலிட்டுப் பெருமை கொள்கிறான் என்றால், அந்நாட்டில் மற்ற எல்லாரும் அவற்றைக் கொண்டுதான் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது அல்லவா பொருள்? சுதை என்பது சுண்ணாம்புச் சாந்து. அந்தக் கல்வெட்டு கல்லின் வரவைச் சொல்வதோடு, அதற்கு முன்பிருந்து மறைந்துபோன செங்கல், மர, சுதைக் கோயில்களின் ஒரு தலைமுறைக்கே சாட்சியாகவும் நிற்கிறது. சுதையைத் தள்ளிவைத்துப் பெருமைப்பட்ட அதே பல்லவ மன்னன்தான் திருநாவுக்கரசரை நீற்றறையில் ஏழு நாள் அடைத்துவைத்தவன் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். நீற்றறை என்பது சுண்ணாம்புக் காளவாய். கோயிலுக்கு வேண்டாம் என்ற பொருளை அவன் நாட்டில் சுட்டுக்கொண்டுதான் இருந்தார்கள் என்பதற்கு நம் பக்தி மரபைவிட வேறு சான்று தேடிப் போக வேண்டியதில்லை.

பின்னாளில் கல் கோயில்கள் பெருகியபோதும் சுதை ஒழிந்துவிடவில்லை. பெருங்கோபுரங்களின் அடித்தளம் கருங்கல்லாக இருக்க, மேல்நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்தன. அவற்றின்மேல் நிற்கும் உருவங்களை இன்றும் சுதைச் சிற்பம் என்றுதான் சொல்கிறோம். சிமெண்டில் செய்தாலும் சுதை என்றே சொல்கிறோம் என்பது வேறு கதை; அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தச் சாந்து தமிழ்க் கரையோடு நின்றுவிடவில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பை வழவழப்பாக அரைத்துப் பூசி மெருகேற்றும் சென்னைக் கொத்தனார்களின் வேலையைப் பார்த்து, பளிங்கோ என்று வெள்ளைக்காரப் பயணிகள் மயங்கி எழுதிவைத்தார்கள். நம் சுண்ணாம்பு என்ற சொல்லின் உறவான சுனம் அப்படித்தான் ஆங்கிலத்துக்குள் போயிற்று. 1856இல் தொடங்கி 1861இல் கட்டி முடிக்கப்பட்ட சிங்கப்பூரின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். அக்கைதிகளுக்குப் பொறுப்பதிகாரியாக இருந்த மேஜர் மெக்நேர், உட்சுவர்ப் பூச்சின் பக்குவத்தை எழுதிவைத்திருக்கிறார்: கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை மூன்றையும் அடித்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரை விட்டுப் பதமாக்கி, பூசி உலர்ந்தபின் படிகக்கல்லால் தேய்த்து மெருகிடுவது. அந்தப் பக்குவத்தைப் படித்தபோது எனக்கு அது பூச்சு வேலையாகத் தோன்றவில்லை. எங்கள் ஆச்சி சொல்லும் பலகாரச் செய்முறையாகத் தோன்றியது. காலில் விலங்கோடு கப்பலேறியவர்கள் கையில் இந்தப் பக்குவம் இருந்திருக்கிறது. அவர்களில் ஒருவர் பெயரும் சுவரில் இல்லை.

பினாங்கில் அதற்கும் முன்பே அவர்களுடைய கைவேலை உண்டு. 1786இல் நிபோங் பனைமரக் கழிகளால் வேலியாக எழுந்த கார்ன்வாலிஸ் கோட்டை, 1804இல் இந்தியக் கைதிகளின் உழைப்பில் செங்கல் கோட்டையானது. ஃபார்குவார் ஸ்திரீட்டில் 1818இல் எழுந்த செயிண்ட் ஜார்ஜ் தேவாலயத்தைக் கட்டியதும் கைதிகளே. அத்தேவாலயம் முதலில் தட்டைக் கூரையோடு எழுந்து, இங்குள்ள மழைக்கு ஈடுகொடுக்க முடியாமல் 1864இல் சரிவுக் கூரைக்கு மாறிற்று. ஒரு மண்ணுக்கு ஏற்ற வடிவம் மற்றொரு மண்ணில் தோற்கலாம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். லீத் ஸ்திரீட்டிலுள்ள சியோங் ஃபாட் ட்சே மாளிகையின் ஊதா கலந்த நீலம் இன்னோர் எடுத்துக்காட்டு. சீனத் திட்டத்தில் கட்டிய முற்றங்கள், ஸ்காட்லாந்து வார்ப்பிரும்பு, சுவரில் சுண்ணாம்பு நீரோடு கலந்து அடித்த அவுரி நீலம். அந்த அவுரி இந்தியாவிலிருந்து வந்தது. சுற்றுலாப் பயணிகள் நீல மாளிகை என்று படம் எடுத்துக்கொள்வது உண்மையில் ஒரு சுண்ணாம்புச் சுவரைத்தான். ஈரத்தை உள்ளே அடைக்காத அந்த அடிப்பு முறைக்குத் திரும்பியதும் அம்மாளிகையின் சீரமைப்பில் ஒரு பகுதி. அந்தச் சீரமைப்பு 2000இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதைப் பெற்றது.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். 1824இல் லீட்ஸ் நகரத்துச் செங்கல் கொத்தனாரான ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்கு உரிமம் பெற்றார். சிமெண்டு விரைவில் இறுகும், நீருக்குள் இறுகும், பெருஞ்சுமை தாங்கும். அது இல்லாமல் பினாங்கின் கொம்தார் அடுக்குமாடிக் கோபுரம் இல்லை, பினாங்குப் பாலம் இல்லை. அதனால் எல்லாவற்றுக்கும் அதுவே மருந்து என்று நான் படித்த காலத்தில் நம்பினோம். 1989இல் ஜார்ஜ்டவுனின் பழைய பகுதியில் ஒரு கடைவீட்டைப் புதுப்பிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கீழ்ச்சுவரில் முழங்கால் உயரத்துக்குக் காரை உதிர்ந்திருந்தது. முழுவதையும் கொத்தியெடுத்துவிட்டு வாசலையொட்டிய அஞ்சடி நடைபாதையிலிருந்து அடுப்படி வரை சிமெண்டு பூசச் சொன்னேன். பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்த கொத்தனார் ஒருவர், என்னைவிட இருபது வயது மூத்தவர், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, இந்தச் செவத்துக்கு வேர்க்கணும். நீங்க தார்ப்பாய் போத்தச் சொல்றீங்க" என்றார். நான் சிரித்துவிட்டு வேலையை நடத்தினேன்.

இரண்டு மழைக்காலம் கழிந்தது. முழங்கால் அளவில் நின்றிருந்த ஈரம் மார்பளவுக்கு ஏறிவிட்டது. பழைய நகரம் கடலை ஒட்டியது. நிலத்தடி நீர் மேலேயே இருக்கிறது. அக்காலத்துக் கடைவீட்டுச் சுவர்களுக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் படலம் கிடையாது. மண்ணிலிருந்து செங்கல் உறிஞ்சும் நீர் சுண்ணாம்புப் பூச்சின் வழியாக வெளியேறிக் காற்றில் உலர்ந்துவிடும். அதனோடு வரும் உப்பு பூச்சில் பூத்து, சில ஆண்டுகளில் பூச்சு உதிரும். உதிர்வது பூச்சின் தோல்வியன்று, அதன் வேலையே அதுதான். செங்கல்லுக்குப் பதிலாகத் தான் தேய்ந்துகொள்கிறது. சிமெண்டுப் பூச்சு அந்த வழியை அடைத்துவிட்டதும் நீர் மேலே ஏற வேறு வழி தேடிற்று; உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதன் முகத்தை உள்ளிருந்து பிளந்தது. சிமெண்டைத் திரும்பக் கொத்தியபோது பூச்சோடு செங்கல்லும் பொறுக்காகக் கையோடு வந்தது. நூறாண்டு நின்ற சுவரை இரண்டே ஆண்டில் புண்ணாக்கியவன் நான். அந்தப் பெரியவரிடம் போய்ச் சொல்வதற்குள் அவர் ஊருக்குத் திரும்பிவிட்டிருந்தார்.

அதன் பிறகுதான் சுண்ணாம்பைப் படிக்கத் தொடங்கினேன். பழங்காலக் கட்டட விதிப்படி மூன்று ஆண்டுகளுக்குக் குறைவாக நீற்றிவைத்த சுண்ணாம்பைக் குத்தகையாளர் பயன்படுத்தக்கூடாது என்று ரோமானியரான பிளினி எழுதியிருப்பதைப் பார்த்து, மூன்று வாரம் காத்திருக்கச் சொன்னாலே முகம் சுளிக்கும் நம் குத்தகையாளர்களை நினைத்துக்கொண்டேன். 2023இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், ரோமானியக் காங்கிரீட்டில் காணப்படும் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் சரியாகக் கலக்காததால் வந்த குறை அல்ல என்றும், விரிசல் விழுந்து நீர் புகும்போது அவை கரைந்து மறுபடி உறைந்து விரிசலை அடைக்கின்றன என்றும் காட்டினார்கள். தங்கள் கட்டுரையாளர் அரைப் பக்கம் வியந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். அந்த வியப்புக்கு உரிய பொருள் நம் கொத்தனார்களின் சாந்துத் தொட்டியிலும் இருந்தது என்பதே என் வாதம்.

இதைப் பழங்கதையாக எழுதவில்லை. 2008இல் ஜார்ஜ்டவுன் மலாக்காவோடு சேர்ந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றபின், அப்பகுதிக் கட்டடங்களில் சுண்ணாம்பு வேலை ஓரளவு திரும்பியிருக்கிறது. ஆனால் அந்த எல்லைக்கு வெளியே, குறிப்பாக நம்முடைய பழைய கோயில்களிலும், தோட்டப்புறங்களில் எஞ்சியிருக்கும் சிறு ஆலயங்களிலும், குடமுழுக்குத் திருப்பணி என்றாலே பழைய காரையை முழுவதும் கொத்தித் தள்ளிவிட்டுச் சிமெண்டு பூசி, அதன்மேல் பளபளக்கும் சாயம் அடிப்பது என்றாகிவிட்டது. கோபுரத்துச் சுதை உருவங்களின் கைவிரல்களும் மூக்கும் மழுங்கி, மேலே தடிப்பான சிமெண்டு முகம் ஏறுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். நிர்வாகக் குழுவினரின் பக்தியில் எனக்கு ஐயமில்லை. நானும் அதே நல்லெண்ணத்தோடுதான் அந்தக் கடைவீட்டைக் கெடுத்தேன். புதிதாகக் கான்கிரீட்டில் கட்டும் கோயிலுக்குச் சிமெண்டு பொருத்தமே. செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய பழைய சுவருக்குமேல் அதைப் பூசுவதுதான் தவறு.

ஆகவே, ஐயா, தொடர் முடிவதற்குள் சுண்ணாம்புக்கென ஒரு பகுதி ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பாந்தியனின் படத்தை மறுபடி போட வேண்டாம். கார்ன்வாலிஸ் கோட்டைச் சுவரில் சாந்து தெரியும் ஓரிடத்தையும் நீல மாளிகையின் சுவரையும் அருகில் நின்று எடுத்துப் போட்டால் போதும். மண்டகப்பட்டுக் கல்வெட்டு பற்றிய வரியையும் திருத்தி வெளியிட்டால் நலம். அதற்குள் திருப்பணிக்குக் குத்தகையாளரின் விலைப்பட்டியலில் கையொப்பமிட இருக்கும் ஆலயக் குழுவினர், பழைய சுவரில் சாயம் உரிந்த இடமாகப் பார்த்து ஒரு கரண்டி தண்ணீரைத் தெளித்துப் பார்க்கட்டும். உடனே உறிஞ்சிக்கொண்டால் அது பெரும்பாலும் சுண்ணாம்புக் காரை. கொத்துவதற்கு முன் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரையோ ஸ்தபதியையோ அழைத்துக் கேட்டுக்கொள்ளலாம். தண்ணீர் வழிந்து ஓடினால், என்னைப் போன்ற ஒருவன் அங்கே முன்னமே வந்துபோயிருக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.